கலப்பு இணைதிறன் கோபால்ட் கொத்துகள்: குடுவை முதல் ஸ்க்விட் வரை

ஒரே மூலக்கூறில் கோபால்ட் 2+, கோபால்ட் 3+ இரண்டும் இருக்கும் கொத்துச் சேர்மங்களைத் தயாரிப்பது அவ்வளவு கடினமில்லை. எந்த அணு 2+, எந்த அணு 3+ என்று ஐயமின்றிச் சொல்வதுதான் கடினம். அதில் பிசகினால் ஸ்க்விட் என்ற நுண்ணிய காந்த அளவீட்டுக் கருவியில் வரும் எந்த எண்ணுக்கும் பொருள் இல்லாமல் போகும். அதனால் இந்த வழிகாட்டியில் தயாரிப்புக்குத் தரும் இடத்தைச் சரிபார்ப்புக்கும் தந்திருக்கிறோம்.

ஒற்றை மூலக்கூறு காந்தம் (ஒவ்வொரு மூலக்கூறும் தனியே காந்தத் திசையைத் தக்கவைக்கும் சேர்மம்) என்று அறிவிக்கப்பட்ட முதல் கோபால்ட் கொத்து 2002-இல் வந்தது. நான்கு கோபால்ட் கொண்ட கனசதுர வடிவம், நான்கும் 2+. கலப்பு இணைதிறனில் குறிப்பிடத்தக்கது 2007-இல் வெளியான ஏழு கோபால்ட் கொத்து. அதில் நான்கு 2+, மூன்று 3+. ஈனி (உலோக அயனியைப் பிடித்துக்கொள்ளும் மூலக்கூறு) வேறொன்றுமில்லை, உயிர்வேதியியல் ஆய்வகங்களில் பஃபர் செய்யக் கிலோக்கணக்கில் கிடக்கும் டிரிஸ் என்ற சேர்மம்தான். விலை உயர்ந்த ஈனி இல்லாமல் இந்தத் துறையில் இறங்க முடியாது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இங்கே எடுத்துக்கொள்வது இரண்டு 2+, இரண்டு 3+ கொண்ட நான்கணுக் கொத்து. இரண்டு கனசதுரங்கள் ஒரு முகத்தில் ஒட்டி, ஒவ்வொன்றும் ஒரு மூலையை இழந்த வடிவம். நான்கு கோபால்ட்டும் ஒரே தளத்தில் சாய்சதுரமாக அமையும். நடுவில் நெருங்கி நிற்கும் இரண்டை 'உடல்' என்றும், ஓரத்தில் இருக்கும் இரண்டை 'சிறகு' என்றும் சொல்வது வழக்கம்.

மின்சுமை ஏன் ஓரிடத்தில் நிற்கிறது

உயர் சுழற்சி (தனி எலக்ட்ரான்கள் இயன்றவரை அதிகமுள்ள நிலை) கோபால்ட் 2+ அயனியில் மூன்று தனி எலக்ட்ரான்கள். ஆக்சிஜனுடன் பிணைப்பு நீளம் 2.0 முதல் 2.2 ஆங்ஸ்ட்ராம். தாழ் சுழற்சி (எலக்ட்ரான்கள் இணைசேர்ந்த நிலை) 3+ அயனியில் தனி எலக்ட்ரான் இல்லை, பிணைப்பு 1.86 முதல் 1.94. ஒரு எலக்ட்ரான் இடம் மாற வேண்டுமானால் ஆறு பிணைப்புகளும் ஏறத்தாழ 0.2 ஆங்ஸ்ட்ராம் நீளவோ சுருங்கவோ வேண்டும், சுழற்சி நிலையும் மாற வேண்டும். அதற்கான ஆற்றல் செலவு அதிகம். ஆகவே 1967-இல் ராபினும் டேயும் வகுத்த பிரிவுகளில் இவை ஏறக்குறைய எப்போதும் முதல் வகை, அதாவது மின்சுமை பூட்டப்பட்டவை. இந்தச் சேர்மங்களில் "எலக்ட்ரான் பரவியிருக்கிறது" என்று எழுதத் தோன்றினால், முதலில் படிகத் தரவைச் சந்தேகியுங்கள்.

தயாரிப்புக்கு இதைவிட முக்கியமான இன்னொரு பண்பு உண்டு. 2+ அயனி ஈனிகளை நொடிக்குள் மாற்றிக்கொள்ளும். தாழ் சுழற்சி 3+ மாற்றிக்கொள்ளவே மாட்டாது என்று சொல்லலாம். தவறான இடத்தில் 3+ உருவாகிவிட்டால் அந்தத் தவறு கரைசலில் தானாகத் திருந்தாது. எனவே முதலில் எல்லாம் 2+ ஆக இருக்கும்போதே கூடு கட்டிக்கொள்ள நேரம் கொடுத்து, அதன்பிறகே காற்றைக் காட்ட வேண்டும். வெளியாகும் செய்முறைகளில் பல "காற்றில் கலக்கவும்" என்ற ஒரே வரியோடு இதைக் கடந்துவிடுகின்றன. ஒரு தடவை வந்த படிகம் மறுதடவை வராமல் போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

ஈனியும் கணக்கும்

நீரில் தனித்திருக்கும் கோபால்ட் 2+ காற்றில் ஆக்சிஜனேற்றம் அடையாது. அதன் ஒடுக்க மின்னழுத்தம் +1.9 வோல்ட் அருகில் இருக்கிறது. அம்மோனியா சூழ்ந்தால் அதுவே +0.1 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். அதாவது எத்தனை கோபால்ட் 3+ ஆகும் என்பதைக் காற்றின் அளவைவிட, எத்தனை கோபால்ட்டுக்கு நைட்ரஜன் கிடைக்கிறது என்பதே தீர்மானிக்கிறது. நைட்ரஜனும் எதிர்மின்சுமை கொண்ட ஆக்சிஜன்களும் சூழ்ந்தவை 3+ ஆகும். அசிட்டேட், மெத்தாக்சி, பால ஆக்சிஜன் மட்டும் கிடைத்தவை 2+ ஆகவே நிற்கும்.

ஆர்த்தோ-வனிலினும் எத்தனால்அமீனும் சேர்ந்து உருவாகும் ஷிஃப் பேஸ் (கார்பன்–நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பான இமின் கொண்ட சேர்மம்) இதற்கு வசதியான ஈனி. மூலக்கூறு எடை 195.2. ஒரு இமின் நைட்ரஜன், ஒரு ஃபீனால், ஒரு ஆல்கஹால், ஒரு மெத்தாக்சி என நான்கு பிடிமானங்கள். இரண்டு புரோட்டான்களை இழக்கும். இப்படிப்பட்ட இரண்டு ஈனிகள் ஒரு கோபால்ட் 3+ அயனியைப் பிடித்தால் ஒற்றை எதிர்மின்சுமை கொண்ட துண்டு கிடைக்கும். அத்தகைய இரண்டு துண்டுகள் தங்கள் ஆக்சிஜன்களை நீட்டி, நடுவே இரண்டு கோபால்ட் 2+ அயனிகளைப் பிடிக்க, எஞ்சிய இடங்களை இரண்டு அசிட்டேட் நிரப்பினால் மின்சுமை சமன். கணக்குக்காக அதையே இலக்காக வைத்துக்கொள்வோம்: நான்கு கோபால்ட், நான்கு ஈனி, இரண்டு அசிட்டேட். மூலக்கூறு எடை 1126.6.

இனி காரக் கணக்கு. நான்கு ஈனிகள் எட்டுப் புரோட்டான்களை விடும். இரண்டு கோபால்ட்டை ஆக்சிஜன் ஏற்றும்போது இரண்டு புரோட்டான்கள் நீராகிச் செலவாகும். மீதி ஆறு. நான்கு கோபால்ட்டுக்கு ஆறு என்றால் ஒரு மில்லிமோல் கோபால்ட்டுக்கு 1.5 மில்லிமோல் காரம். அசிட்டேட்டும் ஓரளவு காரமாக உதவும். அதனால் இதைத் தாண்ட வேண்டாம். இரண்டு, மூன்று மில்லிமோல் என்று டிரைஎத்தில்அமீனைத் தாராளமாக ஊற்றினால் பழுப்புக் கறுப்புக் கூழ்தான் அடியில் தங்கும். அது நீரேறிய கோபால்ட் ஆக்சைடு. அதிலிருந்து மீள வழியில்லை.

ஆக்சிஜன் கணக்கு வேடிக்கையாக இருக்கும். ஒரு மில்லிமோல் கோபால்ட்டில் பாதியை 3+ ஆக்க 0.125 மில்லிமோல் ஆக்சிஜன் போதும். அறை வெப்பநிலையில் அது 3 மி.லி. வாயு, காற்றாகச் சொன்னால் 15 மி.லி. 20 மி.லி. கரைசல் உள்ள 50 மி.லி. குடுவையின் மேற்பகுதியில் இருக்கும் காற்றே அதைவிட இரண்டு மடங்கு. மூடி போட்டுவிட்டதால் ஆக்சிஜனேற்றம் நின்றுவிட்டது என்று எண்ண வேண்டாம். காற்றைக் குமிழிகளாகச் செலுத்தவும் தேவையில்லை; அது மெத்தனாலைத்தான் விரட்டும்.

செய்முறை

இது ஒரு தொடக்கப் புள்ளி. ஈனியை மாற்றினால் செறிவையும் காரத்தையும் சற்று முன்பின்னாக மாற்றிப் பார்க்க வேண்டியிருக்கும்.

எத்தனால்அமீனை நேரடியாக மைக்ரோபிப்பெட்டில் எடுக்காதீர்கள். பிசுபிசுப்பான திரவம், 60 மைக்ரோலிட்டர் என்று அமைத்தாலும் நுனியில் ஒட்டிக்கொண்டு குறைவாகவே இறங்கும். 611 மி.கி. எடைபோட்டு மெத்தனாலில் 100 மி.லி. ஆக்கினால் 0.1 மோலார் கரைசல் தயார். அதில் 10 மி.லி. எடுத்தால் ஒரு மில்லிமோல். அமீன் கூடினால் தனித்த அமீன் கோபால்ட்டைக் கவ்வி ஒற்றை அணு 3+ அணைவுகளாக்கும். குறைந்தால் வனிலின் எஞ்சி ஈனிகளோடு போட்டியிடும்.

அந்த 10 மி.லி. கரைசலில் 152 மி.கி. ஆர்த்தோ-வனிலினைக் கரைத்து, அரை மணி நேரம் மீள்கொதிப்பில் வைத்தால் அடர் மஞ்சள் கரைசல் கிடைக்கும். ஆற விடுங்கள். வேறொரு குடுவையில் 249 மி.கி. கோபால்ட் அசிட்டேட் டெட்ராஹைட்ரேட்டை 10 மி.லி. மெத்தனாலில் கரையுங்கள். இரண்டு கரைசல்களிலும் தனித்தனியே 15 நிமிடம் நைட்ரஜனைச் செலுத்தி, ஈனிக் கரைசலைக் கோபால்ட் கரைசலில் சேர்த்து, 0.21 மி.லி. டிரைஎத்தில்அமீனை ஐந்து நிமிடத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். நைட்ரஜனின் கீழ் அரை மணி நேரம் கலக்கட்டும். ஆரஞ்சுச் சாயல் இருக்கும்.

பிறகு மூடியைத் திறந்து காற்றில் இரண்டு, மூன்று மணி நேரம் மெதுவாகக் கலக்குங்கள். நிறம் மேற்பரப்பில் இருந்து கீழாக அடர்ந்து, கடைசியில் கறுப்புக்கு நெருங்கிய பழுப்பாகும். வாட்மேன் 42 தாளில் வடிகட்டுங்கள். தாளில் ஏதாவது தங்கினால் எறிந்துவிடாமல் ஐஆர் (அகச்சிவப்பு நிறமாலை) எடுத்துப் பாருங்கள். அடுத்த முறை காரம் கூட வேண்டுமா குறைய வேண்டுமா என்பதை அது சொல்லிவிடும்.

ஹைட்ரஜன் பெராக்சைடு இந்த வேலைக்குத் தோதல்ல. தேவையான அளவு 30 சதவீதக் கரைசலில் வெறும் 25 மைக்ரோலிட்டர். ஆனால் கோபால்ட் அதை வினையூக்கியாக நின்று சிதைப்பதால் கணக்குப்படி எதுவும் நடக்காது. வேறு வழியே இல்லையென்றால் 2 மி.லி. மெத்தனாலில் நீர்த்து, பத்து நிமிடத்தில் விடுங்கள். பெராக்சைடு தொட்ட குடுவையை அசிட்டோனால் கழுவக் கூடாது. இரண்டும் சேர்ந்து வெடிக்கும் பெராக்சைடு உருவாகலாம். எதிரயனியாகப் பெர்குளோரேட் நல்ல படிகம் தரும் என்பது உண்மைதான், ஆனால் அதுவும் வெடிக்கக்கூடியது. முடிந்தவரை நைட்ரேட், அசிட்டேட் என்று இருங்கள். பெர்குளோரேட் உப்பு வந்தே தீரும் என்றால் சில பத்து மில்லிகிராமுக்கு மேல் சேர்க்காமல், சூடாக்காமல், உலோகக் கரண்டியால் சுரண்டாமல் கையாளுங்கள். கரையும் கோபால்ட் 2+ உப்புகளை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவை என்ற 2ஏ பிரிவில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையான ஐஏஆர்சி 2022-இல் வைத்திருக்கிறது. கையுறை கட்டாயம்; கழிவு நீர்த்தொட்டிக்குப் போகக் கூடாது.

ஆட்டோகிளேவ் முறையில் செய்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: 120 °செ-இல் மெத்தனாலும் எத்தனாலும் ஒடுக்கிகளாக வேலை செய்து 3+ அயனிகளை 2+ ஆக்கிவிடலாம். கறுப்புக் கரைசல் போட்டு இளஞ்சிவப்புப் படிகம் எடுத்தால் நடந்தது அதுதான். அங்கே அசிட்டோநைட்ரைல் பாதுகாப்பான தேர்வு. டெஃப்லான் கலத்தை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாமல், மணிக்கு 5 °செ வீதம் ஆறவிட வேண்டும்.

படிகம் வராதபோது

வடிகட்டிய கரைசலில் பாதியை ஊசித்துளையிட்ட பாராஃபிலிம் மூடிப் படிப்படியாக ஆவியாக விடுங்கள். மறுபாதியை 2 மி.லி. வீதம் சிறு குப்பிகளில் பிரித்து, மூடிய ஜாடியில் டைஎத்தில் ஈதர் ஆவி பரவ வையுங்கள். சாதாரணமாக ஐந்து முதல் பத்து நாள் ஆகும். குப்பிகளை அசைக்காத, வெப்பநிலை மாறாத இடத்தில் வைக்க வேண்டும். ஏசி இரவில் நிறுத்தப்படும் அறை இதற்கு ஆகாது.

குப்பியில் நிறமற்ற ஊசிகள் தெரிந்தால் அவை டிரைஎத்தில்அம்மோனியம் உப்பு, மகிழ ஒன்றுமில்லை. நைட்ரேட்டுக்குப் பதில் அசிட்டேட்டில் தொடங்கினால் இது குறையும். கரைசல் பச்சைச் சாயலோடு தெளிந்து, ஈனி முழுவதும் ஒற்றை அணு 3+ அணைவாகப் போயிருந்தால் ஈனி விகிதம் கூடியிருக்கிறது. ஒன்றுக்கு ஒன்று என்பதை மறுபடி எடைபோட்டுப் பாருங்கள். எண்ணெய் போலப் பிரிந்தால் ஈதர் வேகமாகப் புகுந்திருக்கிறது. ஈதரோடு கால் பங்கு மெத்தனால் கலந்து வைத்தால் வேகம் தணியும். கரைப்பானில் நீர் அதிகமிருந்தால் இமின் பிணைப்பு உடைந்து வனிலின் திரும்ப வரும். கட்டமைப்பைத் தீர்த்துப் பார்க்கும்போது ஈனிக்குப் பதில் வனிலினே கோபால்ட்டைப் பிடித்திருப்பதைக் காணலாம். அதுவும் ஒரு சேர்மம்தான், ஆனால் நீங்கள் தேடியது அல்ல.

படிகத்தைத் தாய்க் கரைசலில் இருந்து வெளியே எடுத்து வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகக் கூடாது. மெத்தனால் சில நிமிடத்தில் வெளியேறி, பளபளப்பு போய், மேற்பரப்பு மங்கிவிடும். பிசுபிசுப்பான எண்ணெயில் நேரடியாக மாற்றி, 100 கெல்வின் குளிர்வாயுவில் நிறுத்துங்கள். எக்ஸ்-கதிர் மூலம் மாலிப்டினமாக இருக்கட்டும். தாமிரக் கதிரின் ஆற்றல் 8.05 கிலோ எலக்ட்ரான்வோல்ட், கோபால்ட் எக்ஸ்-கதிரை வலுவாக உறிஞ்சத் தொடங்கும் கே-விளிம்பு 7.71, கதிர் விளிம்பைத் தாண்டியவுடனே கோபால்ட் ஒளிர ஆரம்பித்துப் பின்னணி ஏறிவிடும். தூள் எக்ஸ்-கதிர்ப் படத்திலும் இதே தொல்லை உண்டு. தாமிரக் குழாய் மட்டுமே இருந்தால் ஆற்றலைப் பிரித்தறியும் டிடெக்டர் உள்ள கருவியைக் கேளுங்கள். அல்லது எண்ணிக்கை நேரத்தைக் கூட்டுங்கள்.

எது 2+, எது 3+

எலக்ட்ரான் அடர்த்தியை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது; ஒரு எலக்ட்ரான் வித்தியாசம் அதில் தெரியாது. மூன்று தனித்தனிச் சான்றுகள் ஒத்துப்போக வேண்டும்: பிணைப்பு நீளம், புரோட்டான் எண்ணிக்கை, அறை வெப்பநிலைக் காந்த மதிப்பு.

பிணைப்பு நீளத்தில் இருந்து பிணைப்பு இணைதிறன் கூட்டலைக் கணக்கிடுவது சுலபம். அட்டவணை மாறிலியில் இருந்து பிணைப்பு நீளத்தைக் கழித்து, 0.37-ஆல் வகுத்து, அதை இயற்கை மடக்கையின் அடியான 2.718-க்கு அடுக்காக்கினால் ஒரு பிணைப்பின் பங்கு. ஆறையும் கூட்ட வேண்டும். கோபால்ட் 2+–ஆக்சிஜனுக்கு மாறிலி 1.692. ஆறு பிணைப்பும் 2.10 ஆங்ஸ்ட்ராம் என்றால் கூட்டல் 1.99, கச்சிதம். 3+ அயனிக்கு வரும்போதுதான் பலர் தடுமாறுகிறார்கள். பழைய அட்டவணையின் 1.70 என்ற மாறிலியோடு 1.90 ஆங்ஸ்ட்ராம் பிணைப்புகளைப் போட்டால் கூட்டல் 3.5 வரும். அதைப் பார்த்து 4+ என்று எழுதியவர்களும் உண்டு. தாழ் சுழற்சி 3+ அயனிக்கெனத் தனியே கணிக்கப்பட்ட 1.637-ஐப் போட்டால் 2.95. நைட்ரஜன் பிணைப்புகளுக்குத் தனி மாறிலி வேண்டும். ஆக்சிஜனுடையதை அதற்குப் போடக் கூடாது.

ஒரு தளத்தில் எல்லாப் பிணைப்புகளும் 1.99, 2.02 என்று நடுவில் நின்றால், இரண்டு வகை அயனிகளும் அந்த இடத்தைப் பகிர்ந்துகொண்டு சராசரியாகத் தெரிகின்றன என்றே பொருள். வெப்ப நீள்வட்டங்கள் பிணைப்புத் திசையில் நீண்டிருக்கிறதா என்று பாருங்கள். குறைந்த சமச்சீர் கொண்ட வெளிக்குழுவில் (படிகச் சமச்சீர் வகையில்) மறுபடி தீர்த்துப் பாருங்கள்.

புரோட்டான் எண்ணிக்கையே அதிகம் ஏமாற்றுவது. நமது இலக்கில் நேர்மின்சுமை 10: நான்கு ஈனிக்கு 8, இரண்டு அசிட்டேட்டுக்கு 2. இரண்டு ஈனிகளில் ஆல்கஹால் புரோட்டான் இழக்கப்படாமல் இருந்தால் எதிர்மின்சுமை 8 ஆகும். அப்போது நான்கு கோபால்ட்டும் 2+. ஒரு ஹைட்ரஜனை விட்டுவிட்டால் ஒரு கோபால்ட்டின் இணைதிறன் மாறிவிடுகிறது. ஹைட்ரஜனை வரைபடத்தில் தேடுவதோடு நிற்காமல், ஆக்சிஜன்களுக்கும் பிணைப்பு இணைதிறன் கூட்டலைக் கணக்கிடுங்கள்: 2-க்கு அருகே வந்தால் புரோட்டான் இல்லை, 1.1 அருகே என்றால் ஹைட்ராக்சைடு அல்லது ஆல்கஹால், 0.2 முதல் 0.4 என்றால் நீர். ஆக்சிஜன்–ஆக்சிஜன் தூரம் 2.5 ஆங்ஸ்ட்ராம் என்று குறுகி நின்றால் நடுவே ஒரு புரோட்டான் ஒளிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

எக்ஸ்பிஎஸ் (எக்ஸ்-கதிர் ஒளிஎலக்ட்ரான் நிறமாலை) எடுத்தால் 786 எலக்ட்ரான்வோல்ட் அருகே வலுவான துணைமுகடு 2+ அயனிக்கு அடையாளம். ஆனால் வெற்றிடமும் கதிரும் 3+ அயனியை ஒடுக்கக் கூடும் என்பதால் விகிதம் கணக்கிட அதை நம்ப வேண்டாம். நிறைமாலையில் இன்னொரு கவனம்: கோபால்ட்டுக்கு இயற்கையில் ஒரே ஐசோடோப்புதான். ஆகவே மாலிப்டினம், நிக்கல் போல உலோக எண்ணிக்கையைக் காட்டும் வடிவம் கிடைக்காது. முகடுகளின் இடைவெளி மின்சுமையை மட்டுமே சொல்லும்.

காந்த அளவீட்டுக்கு முன்

ஸ்க்விட்டுக்குப் போகும் அதே குப்பித் தூளில் தனிம பகுப்பாய்வு செய்திருக்க வேண்டும். படிகத்தில் இரண்டு மெத்தனால் இருந்து, தூளாக்கும்போது அவை போய் இரண்டு நீர் வந்து உட்கார்ந்துகொள்வது அன்றாடம் நடப்பது. நமது சேர்மத்தில் கரைப்பான் இல்லாவிட்டால் கார்பன் 46.9 சதவீதம், இரண்டு மெத்தனாலோடு 46.4, இரண்டு நீரோடு 45.5. நைட்ரஜன் 4.97, 4.71, 4.82. வித்தியாசம் சிறிது, ஆனால் கருவி காட்டும். மூலக்கூறு எடையில் 64 தவறினால் காந்த மதிப்பில் 5 சதவீதத்துக்கு மேல் பிழை. அறை வெப்பநிலையில் நிற்கும் மதிப்பை வைத்துச் சுற்றுப்பாதைப் பங்கைப் பேசப் போகிறவருக்கு அது பெரிய பிழை.

15 முதல் 30 மி.கி. போதும். பிளாஸ்டிக் கரண்டியால் எடுங்கள். எஃகுக் கரண்டியின் துகள் ஒன்று விழுந்தாலும் காந்தத்தன்மை புலத்தைப் பொறுத்து மாறத் தொடங்கும். 300 கெல்வினில் காந்தமாக்கல்–புலம் வரைபடம் சுழியத்தின் வழியே நேர்கோடாகப் போகிறதா என்று முதலிலேயே ஓட்டிப் பாருங்கள். வளைந்தால் தூளை மாற்றிவிட்டுத் தொடருங்கள். கோபால்ட் 2+ திசைச்சார்பு அதிகமுள்ளது. கட்டப்படாத தூள் உயர் புலத்தில் திரும்பிக்கொள்ளும், காந்தமாக்கல் செயற்கையாக உயரும். ஐகோசேனில் புதைத்தால் நின்றுவிடும். 37 °செ வாக்கில் உருகும் மெழுகு, கையின் சூட்டிலேயே கரைந்து தூளுக்குள் இறங்கும். அதன் எடையையும் எதிர்காந்தப் பங்கையும் குறித்து வையுங்கள்.

குழாயில் காற்று மீந்திருந்தால் 50 கெல்வின் அருகே ஒரு சிறு மேடு தெரியும். அது உறைந்த ஆக்சிஜன். கட்டமைப்பு மாற்றம் அல்ல. ஹீலியத்தால் பலமுறை அலசினால் போய்விடும்.

வரைபடத்தைப் படிப்பது

காந்த ஏற்புத்திறனை வெப்பநிலையால் பெருக்கிய மதிப்பை 'பெருக்கம்' என்று இங்கே குறிக்கிறோம். அலகு கன செ.மீ. கெல்வின் / மோல். 0.1 டெஸ்லா புலத்தில் 300 முதல் 2 கெல்வின் வரை எடுங்கள். 2 கெல்வினில் ஒரு டெஸ்லா போட்டால் கோபால்ட் ஏற்கெனவே நிறைவடையத் தொடங்கியிருக்கும். பெருக்கம் சரிவதைப் பார்த்து எதிர்ஃபெர்ரோ இணைப்பு (அண்டை அயனிகளின் சுழற்சிகள் எதிரெதிராக நிற்பது) என்று எழுத நேரும்.

எதிர்காந்தத் திருத்தம் தோராயமாக மூலக்கூறு எடையில் பாதி, பத்து லட்சத்தில் ஒரு பங்காக: நமக்கு 0.00056. 300 கெல்வினில் அது பெருக்கத்தில் 0.17 ஆகிறது. 3+ அயனிகளில் தனி எலக்ட்ரான் இல்லை என்றாலும் வெப்பநிலை சாராத சிறு பங்கு உண்டு, ஒன்றுக்கு 0.0001 முதல் 0.0002 வரை. இரண்டையும் விட்டுவிட்டால் உயர் வெப்பநிலைப் பகுதியின் சரிவு பொய்யாகும்.

சுழற்சி மட்டும் எனக் கணக்கிட்டால் ஒரு கோபால்ட் 2+ அயனிக்கு 1.875. எண்முகச் சூழலில் சுற்றுப்பாதைப் பங்கு சேர்ந்து நடைமுறையில் 2.5 முதல் 3.4 வரும். ஆகவே இரண்டு 2+ உள்ள நமது கொத்துக்கு 300 கெல்வினில் 5 முதல் 6.8. மூன்று என்றால் 7.5-க்கு மேல், நான்கு என்றால் 10-க்கு மேல். படிகத் தரவு இரண்டு என்று சொல்லி, பெருக்கம் 8.5 காட்டினால் எங்கோ ஒரு புரோட்டான் தவறவிடப்பட்டிருக்கிறது, அல்லது தூளில் வேறு சேர்மம் கலந்திருக்கிறது. மேலே சொன்ன மூன்றாவது சான்று இதுதான்.

வெப்பநிலை இறங்க இறங்கப் பெருக்கம் குறைவதை வைத்து மட்டும் எதிர்ஃபெர்ரோ இணைப்பு என்று முடிவு செய்வதே இந்தத் துறையில் அதிகம் காணப்படும் பிழை. தனித்து நிற்கும் ஒரு எண்முகக் கோபால்ட் 2+ அயனியிலும், சுழற்சி–சுற்றுப்பாதைப் பிணைப்பால் பெருக்கம் குறையும். அண்டை அயனி எதுவும் தேவையில்லை. சுமார் 20 கெல்வினுக்குக் கீழே கிராமர்ஸ் இரட்டை நிலை (ஒரே ஆற்றலுள்ள, மிகத் தாழ்ந்த இரண்டு நிலைகள்) மட்டும் மிஞ்சி, பயனுறு சுழற்சி அரை, ஜி மதிப்பு (அயனி காந்தப் புலத்துக்கு எவ்வளவு இசைகிறது என்பதன் அளவு) 4.33 என்று நடந்துகொள்ளும்; அப்போதைய பெருக்கம் 1.76. இரண்டு தனித்த அயனிகளுக்கு 3.5. இந்த 3.5 நமக்கு எல்லைக் கோடு. 300 கெல்வினில் 6 என்று தொடங்கி, 20 கெல்வின் வரை இறங்கி, பின் மேலேறினால் ஃபெர்ரோ இணைப்பு (சுழற்சிகள் ஒரே திசையில் நிற்பது). 3.5-ஐத் தாண்டிக் கீழே போனால் எதிர்ஃபெர்ரோ. நடுவில் தட்டையாக நின்றால் இணைப்பு மிகப் பலவீனம்.

எது வரும் என்பதைக் கட்டமைப்பிலேயே ஓரளவு கணிக்கலாம். 2+ அயனிகள் உடலில் இருந்தால் தூரம் 3.1 ஆங்ஸ்ட்ராம் வாக்கில். இரண்டு ஆக்சிஜன் பாலங்கள் நேரடியாக இணைக்கின்றன. பாலக் கோணம் 90 முதல் 98 பாகைக்குள் என்றால் ஃபெர்ரோவை எதிர்பார்க்கலாம். 100-ஐத் தாண்டினால் எதிர்ஃபெர்ரோ தலைதூக்கும். 2+ அயனிகள் சிறகில் இருந்தால் தூரம் ஐந்தரை ஆங்ஸ்ட்ராமுக்கு மேல், நடுவே காந்தமில்லாத 3+ குறுக்கே நிற்கிறது. அப்போது வரைபடம் ஏறக்குறைய இரண்டு தனி அயனிகளின் கூட்டல்தான்.

2 கெல்வின், 5 டெஸ்லாவில் காந்தமாக்கல் ஒரு 2+ அயனிக்கு 2 முதல் 3 போர் மேக்னெட்டான் வரைதான் வரும். இரண்டுக்கும் சேர்த்து 6 வரவில்லை என்று பதற வேண்டாம், 4.5 வந்தாலும் அது இயல்பு.

அளந்த தரவுக்கு மாதிரிக் கோட்டைப் பொருத்தும்போது சுழற்சி 3/2 மட்டும் வைத்துக்கொண்டு, ஜி-யைத் தன்னிச்சையாக விட்டு, ஒரு இணைப்பு மாறிலி போட்டால் கோடு அழகாகப் பொருந்தும். எண்ணுக்குப் பொருள் இருக்காது. சுற்றுப்பாதைக் கோண உந்தத்தையும் சேர்த்த மாதிரியைப் பயன்படுத்துங்கள். காந்தத் தரவைப் பொருத்தும் பிஎச்ஐ என்ற நிரலில் அதற்கு வசதி உண்டு. சுழற்சி–சுற்றுப்பாதை மாறிலியைத் தனி அயனி மதிப்பான −170 முதல் −180 அலையெண் (செ.மீ.⁻¹) வரம்பில் நிறுத்தி, சுற்றுப்பாதைக் குறைப்புக் காரணி, அச்சுப் பிளவு, இணைப்பு மூன்றை மட்டும் மாற்றுங்கள். ஏற்புத்திறனையும் காந்தமாக்கலையும் ஒரே சமயத்தில் பொருத்த வேண்டும். ஒன்றை மட்டும் பொருத்தினால் மூன்று மாறிகளும் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்ளும். குறைந்த வெப்பநிலைத் தரவை அரைச் சுழற்சி மாதிரியில் பொருத்தினால் கிடைக்கும் இணைப்பு, உண்மைச் சுழற்சிக்கான இணைப்பைவிட 25/9 மடங்கு பெரிது. இரண்டு ஆய்வுகளின் எண்களை ஒப்பிடுவோர் எந்த மாதிரியில் வந்தது, ஹாமில்டோனியனில் (இணைப்பின் ஆற்றலைத் தரும் கோவையில்) முன்னே 2 இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஒப்பிட வேண்டும்.

மாறுதிசைப் புல அளவீட்டில், சுழியப் புலத்தில் கற்பனைப் பகுதி (காந்தமாக்கல் புலத்துக்குப் பின்தங்குவதைக் காட்டுவது) எதுவும் தெரியாமல் போவது சகஜம். கோபால்ட்-59 கருவின் சுழற்சி 7/2. அதனோடான இடைவினை குவாண்டம் ஊடுருவலை (ஆற்றல் தடையை ஏறாமலே காந்தத் திசை புரள்வதை) திறந்துவிடுகிறது. 2 கெல்வினில் 0.02 முதல் 0.3 டெஸ்லா வரை நிலைப்புலத்தை மாற்றி, தளர்வு மிக மெதுவாகும் புலத்தைக் கண்டுபிடித்து, அதில் 2 முதல் 10 கெல்வின் வரை எடுங்கள். புலத்தால் தோன்றும் இத்தகைய மெதுவான தளர்வு, தளத் திசைச்சார்பு கொண்ட சாதாரண ஒற்றைக் கோபால்ட்டிலும் வரும். கொத்து முழுவதும் ஒற்றை மூலக்கூறு காந்தம் என்று அறிவிக்க அது போதாது. அர்ரீனியஸ் கோட்டின் (தளர்வு நேரத்தின் மடக்கையை வெப்பநிலையின் தலைகீழுக்கு எதிராக வரைவது) உயர் வெப்பநிலை ஓரத்தில் மூன்று புள்ளிகளுக்கு நேர்கோடு போட்டு ஆற்றல் தடை சொல்வதும் சரியல்ல. முழு வெப்பநிலை வரம்பையும் ராமன் செயல்முறை, நேரடிச் செயல்முறை (படிக அதிர்வுகள் வழியே நடக்கும் தளர்வு வழிகள்) இவற்றோடு பொருத்துங்கள். தடை இல்லாமலே பொருந்தினால் தடை எதுவும் எழுத வேண்டாம்.

அளவீடு முடிந்த தூளை எறியாமல், குழாயில் இருந்து எடுத்து மறுபடி தூள் எக்ஸ்-கதிர்ப் படம் ஒன்று எடுத்து வையுங்கள். ஐகோசேன் தனக்குரிய முகடுகளைக் காட்டும். ஹெக்சேனில் அலசினால் போய்விடும். படிகத்தில் இருந்து கணித்த வடிவத்தோடு அது ஒத்துப்போகவில்லை என்றால், கரைப்பான் போனதால் கட்டமைப்பே மாறிவிட்டிருக்கிறது. மேலே பொருத்திய பாலக் கோணமும் தூரமும் அந்தத் தூளுக்குரியவை அல்ல.